காற்றுக்கு எத்தனை பெயர்? புயல் காலத்துக்கு ஒரு பாடம்



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே ரேடியோவிலும் டி.வி.யிலும் ஒரே பேச்சாக இருக்கும். "காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி", "ஆழ்ந்த தாழ்வு மண்டலம்", "தரைக்காற்று", "கரையைக் கடக்கும்" என்று வாசிப்பவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். அடுப்படியில் நிற்கும் நாம் "ஏதோ புயலாம்" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு வேலை சொல்கின்றன. சொல் புரிந்தால் வேலையை நேரத்தில் செய்யலாம். புரியாமல் போனால் கூரையும் போகும், சில சமயம் உயிரும் போகும்.

அதனால் இந்த மாதப் பாடம் காற்றைப் பற்றியது. சேமிப்பு வசூலித்து, தீர்மானம் எழுதி முடித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். வயதான உறுப்பினர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பாடத்தில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

1. நம் வீட்டுச் சொற்கள்

காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறதோ, அதை வைத்துத் தமிழில் பெயர் உண்டு. வடக்கில் இருந்து வந்தால் வாடை. தெற்கில் இருந்து வந்தால் தென்றல். கிழக்கில் இருந்து வந்தால் கொண்டல். மேற்கில் இருந்து வந்தால் கோடை. கோடையை நம் பக்கம் மேல்காற்று என்போம்.

கடலுக்குப் போகும் குடும்பங்களில் இன்னும் சில பெயர்கள் உண்டு. மேற்குக் காற்றைக் கச்சான் என்றும், தெற்கத்திக் காற்றைச் சோழகம் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழரும் இந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் திசை கொஞ்சம் மாறும். உங்கள் ஊரில் எது எந்தக் காற்று என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர்கள் வெறும் அழகுக்காக வைத்தவை அல்ல. எந்தக் காற்றில் வலை விடலாம், எந்தக் காற்றில் நெல் தூற்றலாம், எந்தக் காற்று வந்தால் மழை வரும் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று சும்மாவா சொன்னார்கள்?

பருவத்தை வைத்தும் பெயர் உண்டு. "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்கிறோம். அது தென்மேற்குப் பருவக்காற்று. மழையைப் பெரும்பாலும் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடம் வறண்ட காற்றாக வரும். பலமாகத்தான் அடிக்கும். ஆனால் அது புயல் இல்லை.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரம் ஒரு காற்று அடிக்குமே, அது கோடை மழைக் காற்று. பெரும்பாலும் ஒரு சில ஊரோடு நின்றுவிடும். ஆனால் குலை தள்ளிய வாழைத் தோட்டத்தைச் சாய்க்க அந்த அரை மணி நேரமே போதும். அதுவும் புயல் இல்லை. வெயில் காலத்தில் தெருவில் மண்ணையும் சருகையும் சுருட்டிக்கொண்டு எழும்புமே, அது சுழல்காற்று. சில ஊரில் பேய்க்காற்று என்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தரை சூடாகி மேலே கிளம்பும் காற்று சுழல்வதுதான் அது.

2. சூறை, சூறாவளி, புயல்

வளி என்றால் காற்று. சூறை என்றால் சுழன்று அடிக்கும் காற்று. இரண்டும் சேர்ந்து சூறாவளி. ஒரு வீட்டில் புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் "சூறையாடிட்டாங்க" என்கிறோம். அதிலும் இந்தச் சூறைதான் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் தலைவர்கள் ஊர் ஊராகப் போவதைச் சூறாவளிச் சுற்றுப்பயணம் என்று பத்திரிகையில் போடுகிறார்கள்.

புயல் என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. முன்பு அதற்கு மேகம், மழை என்ற பொருள்தான் இருந்தது. திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் புயல் என்ற சொல் மழையைக் குறித்துத்தான் வருகிறது. உழவனுக்கு அருமையான சொல்லாக இருந்தது, இன்று பயப்படும் சொல்லாக மாறியிருக்கிறது. இப்போதும் பேச்சில் "புயல் மாதிரி வந்துட்டுப் போயிட்டா" என்கிறோம்.

இங்கே ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். கடலில் உருவாகிக் கரைக்கு வரும் பெரிய சுழலைத் தமிழ்நாட்டில் புயல் என்கிறோம். இலங்கைத் தமிழில் அதையே சூறாவளி என்கிறார்கள். ஆனால் நம் சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர் எச்சரிக்கையில் "சூறாவளிக் காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்று சொன்னால், புயல் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. கடலில் விட்டு விட்டுப் பலமாகக் காற்று அடிக்கும், படகை இறக்காதே என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் இரண்டு வகையில் ஏமாறுவோம். ஒன்று, தேவையில்லாமல் பயப்படுவோம். இல்லையென்றால் "எப்பப் பார்த்தாலும் சூறாவளிங்கிறான், ஒண்ணும் வரலையே" என்று படகை இறக்கிவிடுவோம். இரண்டாவதுதான் ஆபத்து.

"இடையிடையே" என்ற சொல்லையும் விடாதீர்கள். ஓட்டைப் பெயர்ப்பதும் கிளையை ஒடிப்பதும் பெரும்பாலும் அந்த இடையிடையே வரும் வேகம்தான்.

3. வானிலைச் செய்தியின் படிக்கட்டு

புயல் ஒரே நாளில் புயலாகப் பிறப்பதில்லை. படிப்படியாக ஏறுகிறது. வானிலைத் துறை காற்றின் வேகத்தை அளந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பாருங்கள்.

முதல் படி: காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று 31 கிலோமீட்டருக்குக் குறைவு.
இரண்டாம் படி: காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஏறக்குறைய 31 முதல் 50 வரை.
மூன்றாம் படி: ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50க்கு மேல் 61 வரை.
நான்காம் படி: புயல். 62 முதல் 88 வரை.
ஐந்தாம் படி: தீவிரப் புயல். 89 முதல் 117 வரை.

அதற்கு மேலே உள்ள படிகளை மிகத் தீவிரம், அதிதீவிரம் என்று ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். அங்கே சொல்லைப் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 222ஐத் தொட்டுவிட்டால் அது சூப்பர் புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவை அடித்தது அப்படிப்பட்டது.

எண் சொன்னால் எப்படிப் புரிந்துகொள்வது? பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் முகத்தில் அடிக்கும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். புயல் என்ற பெயர் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 100 கிலோமீட்டரில் நான்கு மடங்கு தள்ளலைத் தாங்க வேண்டும். "போன வாட்டி காத்துக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்தப் படிக்கட்டில் முக்கியமான பாடம் இதுதான்: புயல் என்ற சொல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2017இல் ஒக்கி வந்ததை மறக்க முடியுமா? நவம்பர் 29 அன்று அது தாழ்வு மண்டலம்தான். மறுநாள் விடிவதற்குள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆனது. 30ஆம் தேதி காலையிலேயே கன்னியாகுமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டு படி ஏறியது. பல நாள் தங்கல் தொழிலுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. ஒக்கி தமிழ்நாட்டில் கரை ஏறவே இல்லை, ஓரமாகப் போனது. அப்படியும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பமும் சாய்ந்தன. ஆகவே "நம்ம ஊர்ல கரையேறல" என்பதும் ஆறுதல் இல்லை.

4. தப்பாகப் புரிந்துகொள்ளும் சொற்கள்

இந்தப் பகுதியை இரண்டு பேர் மாமியார், மருமகளாக இருந்து வாசியுங்கள்.

மாமியார்: ஏம்மா, புயல் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல வருதாம்ல? சைக்கிள் வேகம்கூட இல்ல. இதுக்குப் போயி முகாமுக்குப் போவணுமா?

மருமகள்: அத்தை, அது புயல் நகர்ற வேகம். பம்பரம் இருக்குல்ல, தரையில மெதுவாத்தான் நகரும். ஆனா சுத்துறது எவ்வளவு வேகம்? காத்து வேகம் தனியா சொல்லுவாங்க. 100 கிலோமீட்டர்னு சொன்னாங்களே, அதுதான் காத்து வேகம்.

மாமியார்: மெதுவா வந்தா நல்லதுதானே?

மருமகள்: அதுவும் இல்ல அத்தை. மெதுவா நகர்ந்தா ஒரே ஊர் மேல நின்னு மழையக் கொட்டிட்டுப் போகும்.

மருமகள் சொன்னது சரி. 2024 நவம்பர் 30 அன்று கரைக்கு வந்த ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. "நிலை கொண்டுள்ளது" என்று ரேடியோவில் சொன்னால் புயல் ஓய்வெடுக்கிறது என்று நினைக்காதீர்கள். நின்று பெய்யப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே வாசியுங்கள்.

மருமகள்: அத்தை, எங்க கெளம்பிட்டீங்க? கதவத் திறக்காதீங்க!

மாமியார்: காத்து நின்னுபோச்சே. ஒரு இலைகூட ஆடல. புயல் கரையைக் கடந்துடுச்சு. கொல்லைல ஆடு கத்துது, போயிப் பாத்துட்டு வந்துடுறேன்.

மருமகள்: வேணாம் அத்தை! இது புயலோட கண்ணு. இன்னும் பாதி இருக்கு.

இதுதான் இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம். இரண்டு முறை வாசித்தாலும் தப்பில்லை. தீவிரமான புயலுக்கு நடுவில் கண் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே காற்று அடங்கி இருக்கும். சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். கண் நம் ஊர் மேல் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். சில நிமிடமும் இருக்கும், ஒரு மணி நேரமும் இருக்கும். அது போனதும் காற்று எதிர்த் திசையில் இருந்து, அதே பலத்தோடு அடிக்கும்.

ஏன் எதிர்த் திசை? நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்ச் சுற்றாகச் சுழல்கிறது. கிழக்கே கடலில் இருந்து மேற்கே வரும் புயலின் நடுப்பகுதி நேராக நம் ஊர் மேல் வந்தால், முதல் பாதியில் காற்று வடக்கில் இருந்து அடிக்கும். பிறகு அடங்கும். அடுத்த பாதியில் தெற்கில் இருந்து அடிக்கும். நம் வீட்டுச் சொல்லில் சொன்னால், முதலில் வாடை, பிறகு அமைதி, பிறகு தெற்கத்திக் காற்று. முதல் பாதியில் வேர் ஆடிப்போன தென்னை, இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கம் தள்ளும்போது விழுந்துவிடும். ஆட்டைப் பார்க்கவும் பறந்த தகரத்தை எடுக்கவும் வெளியே போனவர்கள் அந்த நேரத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

2018 நவம்பர் 16 அன்று விடிவதற்கு முன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டதை நம் உறுப்பினர்கள் பலர் கண்ணால் பார்த்தவர்கள். உங்கள் குழுவில் அப்படி யாராவது இருந்தால் இங்கே வாசிப்பை நிறுத்துங்கள். அன்று காற்று எந்தப் பக்கம் இருந்து ஆரம்பித்தது, எப்போது திசை மாறியது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆகவே "கரையைக் கடக்கத் தொடங்கியது" என்றால் இப்போதுதான் ஆரம்பம். "கரையைக் கடந்தது" என்றால் நடுப்பகுதி தரைக்கு வந்துவிட்டது, பின்பாதி இன்னும் இருக்கிறது. வெளியே வரலாம் என்று அதிகாரிகள் சொல்லும் வரை கதவைத் திறக்கக் கூடாது.

"வலுவிழந்தது" என்பதும் ஏமாற்றும் சொல். காற்றுதான் வலுவிழக்கிறது, மழை அல்ல. கஜா உள்ளே போகப் போக வலுவிழந்துகொண்டேதான் போனது. போகும் வழியில் கொடைக்கானல் மலைப் பக்கம் வரை சேதம் செய்தது. 2008 நவம்பரில் வந்த நிஷா நான்காம் படியைத் தாண்டாத புயல். அந்த நேரத்தில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2025 நவம்பர் கடைசியில் இலங்கையை அழித்த டித்வா புயலிலும் உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவும்தான்.

அடுத்தது புயல் எச்சரிக்கைக் கூண்டு. துறைமுகத்தில் பகலில் கூண்டும் இரவில் விளக்கும் ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரலாம். 5, 6, 7 என்றால் அபாயம். 8, 9, 10 என்றால் பெரிய அபாயம். இங்கே ஒரு விஷயம். 8ஐவிட 10 பெரிய புயல் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை ஏறும் என்பதைத்தான் அந்த மூன்று எண்ணும் காட்டுகின்றன. 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நிறமும் சொல்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனி. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே செயல்படு.

5. நம் சொல்லும் மேலே போகும்

"மேலே இருந்து வரும் சொல்லை நாம்தான் படிக்கணுமா, நம்ம சொல்லை அவங்க படிக்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். படிக்கிறார்கள்! கள்ளக்கடல் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் கடலோர மக்கள் சொல்லும் சொல் இது. காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கடல் கள்ளன் மாதிரி சத்தம் இல்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, நடுக்கடலில் அடித்த காற்று கிளப்பிவிட்ட அலைதான் பல நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கிறது.

ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இன்று எச்சரிக்கை கொடுக்கும்போது இதே கள்ளக்கடல் என்ற சொல்லைத்தான் சொல்கிறது. படிக்காத மக்கள் கண்ணால் பார்த்து வைத்த பெயர் விஞ்ஞானிகளின் அறிக்கையில் ஏறிவிட்டது. நம் அம்மாச்சி சொன்ன காற்றுப் பெயர்களை நாம் மறந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அதே சமயம் ஒன்றையும் மறக்கக் கூடாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் சுழல்வதைக் கரையில் நின்று யாரும் பார்க்க முடியாது. அதற்குச் செயற்கைக்கோளும் ரேடாரும் வேண்டும். ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும்.

6. புயலுக்கு ஏன் பெயர்?

முன்பு புயலுக்குத் தனிப் பெயர் கிடையாது. ஊரையோ வருஷத்தையோ வைத்துச் சொல்வோம். 1964 டிசம்பரில் வந்ததைத் தனுஷ்கோடி புயல் என்றோம். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்ததை 77 புயல் என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். 2004இல் இருந்துதான் நம் பகுதிப் புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். சுற்றியுள்ள நாடுகள் பெயர்ப் பட்டியல் கொடுத்து வைத்திருக்கின்றன, வரிசைப்படி வருகிறது. கஜா இலங்கை கொடுத்தது. தானே மியான்மர் கொடுத்தது. வர்தா பாகிஸ்தான் கொடுத்தது. நிவர் ஈரான் கொடுத்தது.

ஒரே நேரத்தில் இரண்டு புயல் கடலில் இருந்தால் குழம்பாமல் இருக்கத்தான் இந்தப் பெயர். பெயர் மென்மையாக இருந்தால் புயலும் மென்மையாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை!

7. சொல் கேட்டால் என்ன செய்வது?

இதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

தாழ்வுப் பகுதி என்று கேட்டால்: தினமும் இரண்டு வேளை செய்தி கேளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், நிலப் பட்டா, வங்கி பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வையுங்கள். கடலுக்குப் போனவர்களுக்குப் போன் செய்யுங்கள்.

தாழ்வு மண்டலம் என்றால்: படகு இறக்கக் கூடாது. செல்போன், டார்ச் சார்ஜ் ஏற்றுங்கள். கூரைக் கயிற்றை இறுக்குங்கள். வீட்டை ஒட்டிய காய்ந்த கிளையை வெட்டுங்கள். தென்னையில் முற்றிய காயையும் கனமான அடி மட்டைகளையும் இறக்கினால் மரத்துக்குப் பாரம் குறையும். வாழைக்கு முட்டுக் கொடுங்கள், முற்றிய தாரை வெட்டிவிடுங்கள். குழுவில் கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, தனியாக வாழும் முதியவர் யார் யார் என்று பட்டியல் எடுங்கள்.

ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால்: பட்டியலில் உள்ளவர்களை முதலில் பத்திரமான கட்டடத்துக்கு அனுப்புங்கள். பிரசவ நாள் நெருங்கியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். குடிதண்ணீர் பிடித்து வையுங்கள். தீர்மானப் புத்தகம், கணக்கு நோட்டு, குழுவின் பாஸ்புக் மூன்றையும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து பத்திரப்படுத்துங்கள். கணக்கு நனைந்துபோனால் யார் எவ்வளவு சேமித்தார், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் வாய்ப் பேச்சாகிவிடும்.

புயல் என்றால்: கூரை வீடு, ஓட்டு வீடு, தகர வீட்டில் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன்பே முகாமுக்குப் போய்விடுங்கள். ஆடு மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிக் கிடந்தால் தப்பிக்க முடியாது. வீட்டில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கரையைக் கடக்கிறது என்றால்: உள்ளேயே இருங்கள். காற்று நின்றாலும் உள்ளேயே இருங்கள்.

ஓய்ந்த பிறகு: அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். விழுந்த மரத்தையும் சுவரையும் அப்புறப்படுத்துவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது உதவும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே பரப்பாதீர்கள். "காத்துவாக்குல கேட்டேன்" என்ற பேச்சு புயல் நேரத்தில் புயலைவிட வேகமாகப் பரவும்.

"இதெல்லாம் செஞ்சா மட்டும் புயல் நின்னுடுமா?" என்று யாராவது கேட்டால் ஒடிசாவைச் சொல்லுங்கள். 1999 சூப்பர் புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அதே ஒடிசாவில் 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அடித்தது. அதற்குள் எச்சரிக்கை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேறினார்கள். இறந்தவர் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. காற்று குறையவில்லை. மக்கள் சொல்லைக் கேட்டு நேரத்தில் கிளம்பினார்கள்.

8. குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரில் காற்றுக்கு என்னென்ன பெயர் உண்டு? எந்தத் திசை, எந்த மாதம்? மூத்த உறுப்பினர்கள் சொல்ல, ஒருவர் எழுதுங்கள்.
2. நம் பகுதியில் அடித்த பெரிய புயல் எது? அன்று காற்று எந்தப் பக்கம் ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்பியது?
3. தாழ்வு மண்டலத்துக்கும் புயலுக்கும் என்ன வித்தியாசம்? எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உறுப்பினர் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.
4. நம் தெருவில் ரேடியோவோ செல்போனோ இல்லாத வீடு எது? அந்த வீட்டுக்குச் செய்தி சொல்வது யார் பொறுப்பு?
5. நமக்குக் கிட்டத்தில் உள்ள முகாம் எது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? கழிப்பறையும் தண்ணீரும் இருக்கிறதா?

நான்காவது, ஐந்தாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதுங்கள். முகாமில் குறை இருந்தால் மழை தொடங்கும் முன்பே கூட்டமைப்பு மூலம் ஊராட்சிக்கு மனுக் கொடுங்கள். முதல் கேள்விக்கு எழுதிய காற்றுப் பெயர்களை எங்களுக்கு அனுப்புங்கள். எல்லா ஊர்ப் பெயர்களையும் சேர்த்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.